புது பேட் போட்ட பிறகுதான் பிரேக் கத்த ஆரம்பித்தது

பேட் தேய்ந்தால் பிரேக் கத்தும் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். புது பேட் போட்ட பிறகும் கத்தினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் வீட்டுக் காரில் அதுதான் நடந்தது. எட்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கிட்டத்தட்ட 11,000 ரூபாய் போனது. அதில் அவசியமான செலவு என்று பார்த்தால் முதல் 2,600 மட்டும்தான். கோவையில் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கி, ஆளுக்கொரு பொருளை மாற்றச் சொல்லி, கடைசியில் 1,500 ரூபாய்க்குள் அடங்கும் சாமான்களில் சரியானது. இன்னொருவர் இதே வழியில் அலையக்கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் வந்த சத்தம் நியாயமான சத்தம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பதுதான் பிரேக் பேட். அதன் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும், மாற்றச் சொல்லும் எச்சரிக்கை அது. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் முன்பக்க பேட் செட்டை மாற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது, கூலியோடு சேர்த்து 2,600. மறுநாள் காலை சிங்காநல்லூரிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் மெதுவாகப் பிரேக் வைத்ததும் ‘கீச்’ என்று ஒரு சத்தம். பழைய பேட் கூட அப்படிக் கத்தியதில்லை. பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், “புது பேடுங்க சார், அப்படித்தான் இருக்கும். ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா அடங்கிரும்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. புது பேட் டிஸ்க்கோடு பொருந்தி உட்காரக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். அதைத் தானாக நடக்கட்டும் என்று விடாமல் நாமே செய்துவிடலாம். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஐம்பது அறுபது வேகத்திலிருந்து பத்துப் பதினைந்துக்கு வரும்வரை நிதானமாக அழுத்திக் குறைத்து, வண்டியை முழுவதுமாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, பத்து முறை போலச் செய்ய வேண்டும். அப்புறம் பிரேக் வைக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான பேடை அழுத்திப் பிடித்தபடி சிக்னலில் நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரேக் வைக்கும்போது பெடல் அதிரும். இதைச் செய்தும் சத்தம் அப்படியே இருந்தால், அல்லது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடானால், ‘ஓட்டினால் சரியாகும்’ என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எனக்கு அடங்கவில்லை. லட்சுமி மில்ஸ் சிக்னலில் பைக்கில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், காதைக் குடைவார்கள். பின் சீட்டில் இருக்கும் மகள் சத்தம் வருவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்வாள். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில், “டிஸ்க்கில் வரி விழுந்திருக்கு, லேத்தில் விட்டால் சரியாயிரும்” என்றார்கள். கழற்றி, டர்னரிடம் கொடுத்து, திரும்ப மாட்டி 1,000 ரூபாய். சத்தம் நின்றது. ஒரு வாரம் போல நிம்மதி, அப்புறம் அதே ‘கீச்’. இதை வைத்து நான் புரிந்துகொண்டது: டிஸ்க்கைக் கடைந்தாலும், பேடை உப்புத்தாளில் தேய்த்தாலும், எந்தக் காரணத்தால் வந்த சத்தமும் கொஞ்ச நாள் அடங்கும். மேற்பரப்பு மாறியதால் வரும் அமைதி அது. உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும். லேத்துக்குக் கொடுப்பதானால் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் காரில் புது டிஸ்க் 17 மி.மீ., 15-க்குக் கீழே போகக்கூடாது.

இதற்கு நடுவில் குன்னூரில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. போகும்போது ஏற்றம், பிரேக்குக்கு வேலையே இல்லை. திரும்பி வருவதுதான் சோதனை. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். அந்த இறக்கம் முழுவதையும் இன்ஜினும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும். இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். ஆனாலும் பர்லியாரை நெருங்கும்போது காருக்குள் கருகிய வாடை. மனைவி, “நம்ம வண்டியாங்க?” என்று கேட்டபோது முன்னால் போகும் லாரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். லாரி வளைவில் மறைந்த பிறகும் வாடை போகவில்லை. பர்லியார் பழக்கடைகள் பக்கம் ஓரங்கட்டினேன். இடது முன் சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது, வலதுபக்கம் வெதுவெதுப்புதான். மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்து, “ஊத்தட்டுங்களா தம்பி?” என்றார். நல்ல மனசுதான், ஆனால் சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும், விரிசலும் விடலாம். வேண்டாம் என்று சொல்லி, அவரிடமே ஒரு கிலோ பழம் வாங்கிக்கொண்டு, தொட்டால் சுடாத அளவுக்கு வரும்வரை காத்திருந்தோம்.

அன்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. காரணம் பிரேக் ஆயில். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு நிர்ணயித்திருக்கும் அளவு 155 டிகிரிதான். ஒரு சக்கரம் இறுகிக்கொண்டு சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும், பிரேக் பிடிக்காது. மலை இறங்குகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. நான் மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் மூன்றாவது இடம். கொஞ்சம் பெரியது, ஏசி போட்ட வரவேற்பறை, காபி எல்லாம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் சூடாகிறது என்று தெளிவாகச் சொன்னேன். அவர்கள் பார்த்துவிட்டு, இரண்டு டிஸ்க்கும் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். கூலியோடு 6,400. பர்லியார் பயத்தில் சரி என்றேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று வேலையைப் பார்த்தேன். பழைய டிஸ்க் துருப்பிடித்து, அது உட்காரும் நடுப்பாகமான ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு பையன் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்துக் கழற்றினான். அதற்கு அவசியமே கிடையாது. பெரும்பாலான சின்னக் கார்களின் டிஸ்க் நடுவில் மரை போட்ட இரண்டு சிறிய துளைகள் இருக்கும். அதில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அடித்ததில் என்ன ஆகும் என்பது வண்டியை வெளியே எடுத்த உடனேயே தெரிந்தது. பழைய ‘கீச்’ அப்படியே இருக்க, பிரேக் வைக்காமலே சக்கரம் சுற்றச் சுற்ற ‘கரகர’ என்று இன்னொரு சத்தம். எண்பதில் பிரேக் வைத்தால் ஸ்டியரிங்கும் ஆடியது. அதற்கு வீல் பேலன்சிங், அலைன்மெண்ட் என்று 900. அதிலும் ஒரு மாற்றமும் இல்லை. பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக் வைக்காமல் ஓடும்போதும் ஆட வேண்டும். பிரேக் வைக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கையும் அது உட்காரும் ஹப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அடுத்து அவர்கள் கொடுத்த எஸ்டிமேட்டில் இடது காலிப்பரும் (பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பகுதி), இரண்டு பக்க வீல் பேரிங்கும் இருந்தன. மொத்தம் 13,000-க்குப் பக்கம். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதுவரை போன எந்த இடத்திலும் யாரும் சத்தத்தைக் கேட்கவே இல்லை. வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ‘பிரேக் சத்தம்’ என்று நான் சொன்ன இரண்டு வார்த்தையை வைத்தே பார்ட்ஸ் எழுதியிருக்கிறார்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் அப்பார்ட்மெண்ட் காம்பவுண்டு சுவர் நீளமானது. காலையில் ஆள் வராத நேரத்தில் இடதுபக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நன்றாகக் கேட்கும். அப்புறம் எதிர்த்திசையில் வந்து வலதுபக்கத்தைக் கேட்டேன். மெல்லப் பிரேக், அழுத்தமான பிரேக், பிரேக் இல்லாமல், ரிவர்ஸில், இடது ஒடித்து, வலது ஒடித்து என்று ஒவ்வொன்றாக. பின் சக்கரமா என்ற சந்தேகம் தீர, ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்தும் பார்த்தேன். அதில் பின் டிரம் மட்டும்தான் பிடிக்கும். அப்போது சத்தம் இல்லை, ஆக முன்பக்கம்தான். நோட்டில் எழுதிப் பார்த்தபோது, இத்தனை நாள் ஒரே கோளாறின் சத்தம் என்று நான் நினைத்தது மூன்று தனிச் சத்தங்கள். மெல்லப் பிரேக் வைத்தால் இடதுபக்கம் ‘கீச்’. பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் ‘கரகர’, அதுவும் இடது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலதுபக்கம் ‘டக் டக்’, பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் அது நின்றுவிடும்.

இதில் ஒவ்வொன்றும் ஒரு இடத்தைக் காட்டும். பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிடும் ‘டக் டக்’ என்றால் பேட் தன் இருக்கையில் லொடலொடவென்று ஆடுகிறது, அழுத்தினால் இறுகிக்கொள்வதால் சத்தம் இல்லை. முன்னும் பின்னும் மாறி ஓட்டும்போது முதல் பிரேக்கில் ஒரே ஒரு ‘டக்’ வந்தாலும் பெரும்பாலும் அதே கதை. எப்போதும் உரசும் சத்தம் என்றால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகடு, அல்லது நடுவில் மாட்டிய கல். வண்டியை ஒடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ‘ஊம்’ என்று கூடினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். எனக்கு அந்த ‘ஊம்’ இல்லவே இல்லை, ஆனாலும் எஸ்டிமேட்டில் பேரிங் இருந்தது. மெல்ல அழுத்தும்போது மட்டும் கீச்சிட்டால் பேட் அதிர்கிறது. பேடின் முதுகில் வரும் ஷிம் தகடு, கிளிப், காலிப்பர் வழுக்கி நகரும் ‘பின்’ என்ற கம்பித் தண்டு இவற்றைப் பார்க்க வேண்டும். இரும்பும் இரும்பும் அரைக்கிற கொரகொரப்பு மட்டும் தனி ரகம். அது கேட்டால் எதையும் ஆராயாமல் வண்டியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை நானே பிரித்தேன். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவையுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பேடில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்பிரே அடித்து ஈரமாக்கித் துடைத்தால் போதும்.

வலதுபக்கம் பார்த்தவுடனே தெரிந்தது. பேடின் இரண்டு முனையும் உட்காரும் இடத்தில் மெல்லிய எவர்சில்வர் கிளிப் வர வேண்டும். மேலே இருந்தது, கீழே இல்லை. முதல் பட்டறையில் பழைய பேடோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். இடதுபக்கம் கொஞ்சம் நேரம் எடுத்தது. உள்பக்க பேட் வெளிப்பக்க பேடைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு தேய்ந்திருந்தது, புது பேடில் இது நடக்கவே கூடாது. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள் பேடைத் தள்ளும், பிறகு காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களில் வழுக்கி வந்து வெளி பேடை இழுக்கும். மேல் பின் விரலால் தள்ளினாலே உள்ளே போய் வந்தது. கீழ் பின் அசையவில்லை. பிளையரால் திருகித் திருகி உருவியபோது அதன் நுனியில் இருந்த ரப்பர் குழல் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பிக் கொழகொழவென்று இருந்தது. சுற்றிலும் பழுப்பு நிற கிரீஸ். முகர்ந்து பார்த்தால் சேஸிஸுக்கு அடிக்கும் சாதா கிரீஸ் வாடை.

பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக்கில் வரும் ரப்பர் உப்பிவிடும். உப்பிய ரப்பர் பின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, காலிப்பர் நகரவில்லை, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடவில்லை. பர்லியாரில் அடித்த அனலும் இதுதான், ‘கீச்’சும் இதுதான். பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும், அதையும் மெல்லிசாக. இதே காரணத்தால்தான் பிரேக் ஆயில் டப்பாவில் அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயில் ஊற்றக்கூடாது, உள்ளே இருக்கும் அத்தனை சீலும் போய்விடும். இன்னொன்று, பல கார்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றல்ல. ரப்பர் குழல் உள்ளது ஒரே ஒன்றுதான், அது எந்தத் துளைக்கு உரியது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துவையுங்கள்.

‘கரகர’வுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுத்தியல் அடியில் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகடு வளைந்து டிஸ்க்கின் ஓரத்தில் உரசி, பளபளவென்று ஒரு கோடு போட்டிருந்தது. கையாலேயே நிமிர்த்தினேன். புது டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் ஹப்பின் முகத்தில் பழைய துரு அப்படியே இருந்தது. துருவின் மேல் டிஸ்க்கை வைத்து நட் முறுக்கினால் அது நேராக உட்காராது. நடுவில் மயிரிழை அளவு சாய்ந்தாலும் விளிம்பில் அது பெரிதாகும், ஸ்டியரிங் ஆட்டம் அங்கிருந்துதான் வந்தது. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் விற்பார்கள், பிரேக் கிளீனர் அடித்து அதைத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். எனக்கு அதையாவது செய்திருந்தார்கள்.

கிளிப் செட், காலிப்பர் பின் கிட், சிறிய டியூப் சிலிக்கான் கிரீஸ், ஒரு டப்பா பிரேக் கிளீனர். உக்கடம் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில் வாங்கினேன், எல்லாம் சேர்த்து 1,500-க்குள். மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல தடவை அழுத்தி இறுக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் அழுத்தலில் பிரேக்கே இருக்காது, வீட்டு கேட்டிலேயே இடித்தவர்கள் உண்டு. பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் டப்பா நிரம்பி வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும், விட்டால் பெயிண்ட் உரியும். நட்டுகளை மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கினேன், அது நண்பரிடம் இரவல்.

மூன்று சத்தமும் நின்றன. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே சூடு. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு ஒரு கரகரப்பு வரும், அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு, தெருமுனைக்குள் போய்விடும். அதற்காக ஒர்க்‌ஷாப் போக வேண்டாம்.

எல்லோராலும் பிரித்துப் பார்க்க முடியாது, தெரியும். பிரேக் விஷயத்தில் தெரியாமல் கைவைப்பதும் ஆபத்து. ஆனால் ஒர்க்‌ஷாப் போனால் சில விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். அதற்கு நேரமில்லை என்பவரிடம் பார்ட்ஸ் மாற்ற வேண்டாம். பேட் மாற்றச் சொன்னால் கிளிப்பும் ஷிம்மும் புது செட்டோடு வருகிறதா, இல்லை பழையதையே போடுவீர்களா என்று கேளுங்கள். பின்னுக்கு என்ன கிரீஸ் என்றும் கேளுங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு முதல் நாளே அந்தப் பை கையில் இருந்திருந்தால், விடுபட்ட கிளிப் அதிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

கழற்றிய பழைய டிஸ்க் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. கடைந்த பிறகும் 16 மி.மீ.க்கு மேல் இருக்கிறது, இன்னும் ஒரு சுற்று தாங்கும். எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன்.